லயன் வீடுகளில் அருகலை

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக் கதவுகள் மூடப்பட்டன. பாடங்கள் திறன்பேசியின் திரைக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தொடர்புக்காக மரத்தின்மேல் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய காணொலி நாடெங்கும் பேசப்பட்டது. சபா வெகுதூரம் என்று நாம் எண்ணலாம். ஆனால், நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், பகாவ், கெமெஞ்சே போன்ற இடங்களில் செம்பனைக்கு நடுவே அமைந்த தோட்டங்களிலும் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். வீட்டுக்குள் ஒரு கோடு, வாசலில் இரண்டு கோடு, கோயில் திடலில் மூன்று கோடு. தங்கைக்கு வகுப்பு, அண்ணனுக்குத் தேர்வு, அம்மாவுக்கு அரசு உதவிக்கான விண்ணப்பம். எல்லாம் அந்தக் கோடுகளை நம்பியே இருக்கின்றன.

இணையம் நம் கைக்கு வந்து சேரும் வழியை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியுலகத்திலிருந்து தோட்டம் வரைக்கும் வருவது முதற்பகுதி. அது கண்ணாடி இழைக் கம்பியாகவோ, கோபுரத்திலிருந்து வரும் 4ஜி அலையாகவோ, துணைக்கோளம் வழியாகவோ வரலாம். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் இதைக் கவனிக்கின்றன. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டேலா திட்டம் இந்த முதற்பகுதியைச் சீர்செய்யவே வகுக்கப்பட்டது. அதன் ஒரு கட்டமாக 2021-ஆம் ஆண்டு இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு, அந்த அலைகள் 4ஜி-க்குத் திருப்பிவிடப்பட்டன.

இரண்டாம் பகுதி மிகச் சிறியது. தோட்டத்து மண்டபத்திலோ வீட்டிலோ இருக்கும் அருகலைப் பெட்டியிலிருந்து நம் கையில் உள்ள திறன்பேசி வரையிலான சில பத்து மீட்டர்தான் அது. இதை ஆணையம் வந்து சரிசெய்யாது. நாமேதான் செய்ய வேண்டும். பலரும் நிறுவனத்தைக் குறை கூறும்போது உண்மையில் பழுது இந்தச் சில மீட்டர்களில்தான் இருக்கிறது. திறன்பேசியின் மூலையில் தெரியும் அருகலைக் கோடுகள் இந்த இரண்டாம் பகுதியை மட்டுமே காட்டுகின்றன. கோடு நிறைய இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் முதற்பகுதியில் சிக்கல். கோடே குறைவாக இருந்தால் இரண்டாம் பகுதியில் சிக்கல். இந்தப் பாடம் இரண்டாம் பகுதியைப் பற்றியது.

பேச்சு வழக்கில் ரவுட்டர், மோடம், வைஃபை பெட்டி என்று பல பெயர்களால் நாம் குறிப்பிடும் அந்தக் கருவிக்குள் உண்மையில் ஒரு வானொலி இருக்கிறது. அலையைப் பரப்பி, திரும்பி வரும் அலையைக் கேட்கும் அந்த உறுப்பை அணுகல் முனை என்பர். மின்னல் எஃப்.எம். ஒலிபரப்புவதும் வானொலி அலைதான். ஆனால் மின்னல் எஃப்.எம். பேசும், நாம் கேட்போம். நாம் பேசினால் அதற்குக் கேட்காது. அணுகல் முனையோ பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும்.

இத்தகைய நுண்ணலைகளை முதன்முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இந்திய அறிவியலாளர் ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கொல்கத்தாவில் அவர் கம்பியில்லாமல் அலையை அனுப்பி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1985-இல், அமெரிக்கா சில அலைக்கற்றைகளை உரிமம் இல்லாமல் எவரும் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை. நுண்ணலை அடுப்பு உணவைச் சூடாக்கப் பயன்படுத்துவதும் ஏறக்குறைய இதே அலையைத்தான். அடுப்பு ஓடும்போது பக்கத்தில் அருகலை தடுமாறுவது அதனால்தான். 1997-இல் அருகலைக்கான முதல் தரவரையறை வெளிவந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட். இன்றைய ஒரு காணொலிப் பாடத்துக்கே அது திணறும்.

இனி, அமைப்புகளைப் பார்ப்போம். அணுகல் முனையின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் ஓர் எண் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதனோடு இணைந்த திறன்பேசியில் உலாவியைத் திறந்து இந்த முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். அங்கே 'ஒயர்லெஸ்' அல்லது 'ரேடியோ' என்ற பகுதியைத் திறந்தால் நாடு, பேண்ட், சேனல், சேனலின் அகலம், அனுப்பும் திறன் என ஐந்தாறு வரிகள் தெரியும். எல்லாம் 'ஆட்டோ' என்றுதான் இருக்கும். ஆட்டோ மோசமானது அன்று. ஆனால், கருவி தான் இருக்கும் இடத்தில் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்கிறது. கடைசி வீட்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பேண்ட் என்பது அலைக்கற்றை. இன்றைய கருவிகளில் இரண்டு இருக்கும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4-இன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். 5-இன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. அலைநீளம் குறைந்தால் சுவரும் இலையும் அதை எளிதில் விழுங்கிவிடும். அதனால் 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறைக்குள் வேகமாக ஓடும். மூன்றாவது வீட்டை அடைவதற்குள் களைத்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் பலகைச் சுவரைக் கடந்து போகும். அணுகல் முனை இருக்கும் மண்டபத்துக்குள் பாடம் படிப்பவர்கள் 5-ஐயும், வெளியே வீடுகளில் இருப்பவர்கள் 2.4-ஐயும் பயன்படுத்துவது நல்லது. இரண்டுக்கும் வேறு வேறு பெயர் சூட்டிவிட்டால் யார் எதில் இணைவது என்பதில் குழப்பம் வராது.

அடுத்தது சேனல். தமிழில் இதை அலைத்தடம் என்போம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் 1 முதல் 13 வரை தடங்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டும். பதின்மூன்று பேர் தனித்தனியே போகலாம் என்று தோன்றும். உண்மை அதுவன்று. ஒரு தடத்தின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால், அனுப்பப்படும் அலையோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. எனவே, முதல் தடத்தில் ஒருவர் போனால் 2, 3, 4 ஆகியவற்றின் மீதும் அவர் உடம்பு விழும். ஒன்றோடொன்று உரசாமல் நிற்கக்கூடியவை மூன்றே: 1, 6, 11. பால்மரக் காட்டில் நிரை பிரித்துக் கொடுப்பது போல இதைக் கொள்ளலாம். ஒரு நிரையில் ஒருவர் மட்டும் வெட்டினால் வேலை ஓடும். பாதி நிரை உனக்கு, பாதி எனக்கு என்று குறுக்கே புகுந்தால் இருவருக்கும் கத்தி இடிக்கும்.

இதில் பலர் வியப்படையும் செய்தி ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் 6-ஆம் தடத்தில் இருந்தால் நாம் சற்றே விலகி 4-இலோ 8-இலோ நிற்கலாமா? கூடாது. அதைவிட அவரோடு சேர்ந்து 6-லேயே நிற்பது மேல். ஒரே தடத்தில் இருக்கும் கருவிகள் ஒன்றின் பேச்சை ஒன்று புரிந்துகொண்டு, அது முடியும்வரை காத்திருக்கும். பாதி உரசும் தடத்தில் இருந்தால் பேச்சு புரியாது. வெறும் இரைச்சலாகக் கேட்கும். இரைச்சலுக்கு நடுவே பேசினால் சொன்னதையே மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டி வரும்.

காத்திருப்பது என்று சொன்னோம் அல்லவா? அருகலையின் அடிப்படை ஒழுங்கு அதுதான். ஒவ்வொரு கருவியும் முதலில் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் பேசும். தேநீர்க் கடையில் பலர் உட்கார்ந்து பேசுவதைப் போன்றது இது. நான்கு பேர் இருந்தால் பேச்சு இனிமையாக ஓடும். நாற்பது பேர் இருந்தால், இடைவெளி பார்த்துக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். மேலும் ஒரு சிக்கல்: கடையின் இந்த மூலையில் இருப்பவருக்கு அந்த மூலையில் இருப்பவர் பேசுவது கேட்காது. இருவரும் ஒரே நேரத்தில் நடுவில் இருக்கும் கடைக்காரரிடம் பேசுவார்கள். கடைக்காரருக்கு இருவர் சொன்னதும் விளங்காது. நீண்ட லயன் வரிசையின் இரு கோடியில் இருக்கும் வீடுகளுக்கு இதுவே நேர்கிறது. நடுவில் உள்ள அணுகல் முனை இருவரையும் கேட்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் கேட்பதில்லை.

சேனலின் அகலம் என்ற வரியில் 20, 40, 80 என்று எண்கள் இருக்கும். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது சரி. ஆனால், 2.4-இல் 40-ஐத் தேர்ந்தெடுத்தால் இருக்கும் மூன்று தடங்களில் ஏறக்குறைய இரண்டை நாமே விழுங்கிவிடுவோம். வீடுகள் நெருங்கிய லயன் வரிசையில் இது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. 2.4-க்கு 20 போதும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அங்கே 40 அல்லது 80 வைக்கலாம்.

5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு கவனம் தேவை. 36 முதல் 48 வரையுள்ள தடங்களை உடனே பயன்படுத்தலாம். 52 முதல் 64 வரையுள்ள தடங்கள் ராடார் கருவிகளுக்கும் உரியவை. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் அணுகல் முனை முதலில் ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்கும். ராடார் அலை கேட்டால் அந்தத் தடத்தை விட்டு விலகிவிடும். மழைமேகத்தையும் விமானத்தையும் கவனிக்கும் கருவிக்கு வழிவிடுவது நியாயம்தானே! நீலாயும் லாபுவும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கு அருகில் உள்ளவை. அந்த வட்டாரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் தொடர்பு காரணமின்றி அவ்வப்போது அறுந்தால், தடத்தை 36-க்கு மாற்றிப் பார்ப்பது முதல் சோதனையாக இருக்கட்டும்.

இப்போது, எல்லாரும் முதலில் கைவைக்கும் வரிக்கு வருவோம்: அனுப்பும் திறன். இதை உச்சத்துக்கு ஏற்றிவிட்டால் கடைசி வீடுவரை எட்டும் என்பது பரவலான எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக் கருவிகள் பொதுவாக 100 மில்லிவாட் அளவில் அலை பரப்புகின்றன. பொறியாளர்கள் இதை 20 டெசிபல்-மில்லிவாட் என்பர். திறனை இரட்டித்து 200 மில்லிவாட் ஆக்கினால் இந்த அளவில் கூடுவது வெறும் 3. திறந்தவெளியிலேயே தூரத்தை இரட்டிக்க வேண்டுமென்றால் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். இடையில் சுவரும் மரமும் இருந்தால் அந்த நான்கு மடங்கும் போதாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அணுகல் முனை உரக்கக் கத்தலாம். திறன்பேசியால் கத்த முடியாது. அதன் மின்கலமும் சிறியது, அலைவாங்கியும் சிறியது. கடைசி வீட்டில் திறன்பேசி நான்கு கோடு காட்டும், ஏனெனில் அணுகல் முனையின் குரல் அதற்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால், திறன்பேசி சொல்லும் மறுமொழி அணுகல் முனைக்குக் கேட்பதில்லை. ஆசிரியர் கேட்கும் கேள்வி வந்து சேரும். மாணவர் சொல்லும் விடை போய்ச் சேராது. கோடு இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை என்ற புலம்பல்களில் பாதி இவ்வகையே. முதற்பகுதியில் சிக்கலா, இங்கேயா என்று அறிய, அதே திறன்பேசியை அணுகல் முனையின் அருகே கொண்டுசென்று பாருங்கள். அங்கே பக்கம் திறந்தால் குற்றம் தூரத்தினுடையது.

திறனை ஏற்றுவதற்காகச் சிலர் 'நாடு' என்ற வரியில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அதைச் செய்யக்கூடாது. எந்தத் தடத்தில் எவ்வளவு திறன் வரை பரப்பலாம் என்பதை நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் ஆணையம் வகுத்துள்ளது. அந்த வரியில் மலேசியா என்று இருந்தால் கருவி அந்த எல்லைக்குள் நின்றுகொள்ளும்.

கடைசி வீட்டு மாணவர் மெதுவாக இணைவது அவருக்கு மட்டும் இழப்பில்லை. அருகலையில் நேரம்தான் பொதுச்சொத்து. அருகில் இருக்கும் திறன்பேசி நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் ஒரு செய்தியை அனுப்பும் என்று கொள்வோம். தொலைவில் இருப்பது 1 மெகாபிட் வேகத்தில் அதே செய்தியை அனுப்பினால், அது காற்றில் ஏறக்குறைய 54 மடங்கு நேரம் பிடித்துக்கொள்ளும். அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். இதனால் சில கருவிகளில், மிக மெதுவான இணைப்புகளை ஏற்காதே என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் மற்ற எல்லாருக்கும் வேகம் கூடும்; கடைசி வீட்டுக்கோ அருகலையே இல்லாமல் போகும். பேரங்காடியில் இந்த அமைப்பைப் போடலாம். வெளியே தள்ளப்பட்டவர் இரண்டு அடி நடந்து உள்ளே வருவார். தோட்டத்தில் போடுவதற்கு முன் அந்தக் கடைசி வீட்டில் யார் படிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் என்னதான் வழி? ஒரு தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு வரிசையில் எட்டு வீடுகள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம். மொத்தம் 48 மீட்டர். அணுகல் முனை முதல் வீட்டில் இருந்தால் கடைசி வீட்டை அடைய அலை ஏழு சுவர்களைத் துளைக்க வேண்டும். அதையே வரிசையின் நடுவே, நான்காம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் இடையில், முன்புறத் தாழ்வாரத்தின்கீழ் மாட்டினால் எந்த வீட்டுக்கும் 24 மீட்டருக்குமேல் தூரமில்லை. அலை சுவர்களைத் துளைக்காமல் தாழ்வாரத்தின் வழியாகவே ஓடி, சன்னல் வழியாக உள்ளே நுழையும். ஒரு சென் செலவில்லாத இந்த மாற்றம், திறனை நான்கு மடங்காக்குவதைவிட அதிகம் தரும். கூரைக்குமேல் மாட்டலாமா? தகரக் கூரை அலையைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும். மேலே மாட்டினால் மேகத்துக்குத்தான் இணையம்.

இன்னோர் அணுகல் முனையைச் சேர்ப்பது அடுத்த வழி. செம்புக் கம்பியிலான கணினி வலைக் கம்பி 100 மீட்டர் வரை நன்றாக வேலை செய்யும். ஆகவே 48 மீட்டர் வரிசைக்கு ஒரு கம்பி இழுத்து, இரண்டாவது அணுகல் முனையை மறுகோடிக்கு அருகே வைக்கலாம். முதலாவது 1-ஆம் தடம், இரண்டாவது 6 அல்லது 11. அப்போது இரண்டின் அனுப்பும் திறனையும் சற்றுக் குறைக்க வேண்டும் என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். குறைத்தால்தான் திறன்பேசி தனக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கும்; இல்லாவிட்டால் தொலைவில் உள்ள பழைய குரலையே பிடித்துக்கொண்டு தொங்கும். கம்பி இழுக்காமல் அலையையே வாங்கி மீண்டும் பரப்பும் சிறு கருவிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் மிக மலிவானவை ஒரே தடத்தில் கேட்டு, அதே தடத்தில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும்.

மழையைப் பற்றி ஒரு சொல். மழை பெய்தால் அருகலை போய்விடும் என்று பலர் சொல்வர். சில பத்து மீட்டர் தூரத்தில் மழைத்துளி இந்த அலைகளை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. நனைந்த இலைதான் தடுக்கும். செம்பனை மட்டை இயல்பிலேயே நீர் நிறைந்தது. மழைக்குப்பின் அதன் மேல் நீர்ப்படலமும் சேர்ந்துகொள்ளும். துணைக்கோளம் வழியாக இணையம் பெறும் தோட்டங்களில் கதை வேறு. அங்கே முதற்பகுதியின் அலை மிக அதிக அதிர்வெண் கொண்டது. கனத்த மழை அதை உண்மையிலேயே மங்கச் செய்யும்.

சுவரும் மரமும் தாண்டி, ஊரையே தாண்டி அருகலை போக முடியுமா? தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் போயிருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னர் தேனியிலும் ஒரு மருத்துவமனையை அமைத்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்கள், குறிப்பாக முதியவர்கள், கண்ணில் புரை விழுந்தாலும் பேருந்து ஏறி நகரத்துக்கு வரத் தயங்கினர். ஒரு நாள் கூலி போகும்; துணைக்கு வருபவரின் கூலியும் போகும். நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கு உடனே விளங்கும். மருத்துவமனை சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார்; தேனியிலுள்ள மருத்துவர் காணொலியில் நோயாளியோடு பேசி, யார் மருத்துவமனைக்கு வரவேண்டும், யாருக்குக் கண்ணாடி போதும் என்று முடிவு செய்வார். இதற்கு நல்ல இணைப்பு வேண்டும். அந்த ஊர்களில் அப்போது அது இல்லை.

2000-களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு இதில் இறங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரண அருகலைக் கருவிதான். எல்லாத் திசைகளிலும் பரப்பும் அலைவாங்கியைக் கழற்றி, ஒரே திசையில் குவிக்கும் அலைவாங்கியைக் கோபுரங்களில் மாட்டினர். கைவிளக்கின் கண்ணாடிக் கிண்ணம் ஒளியைக் குவிப்பது போல அது அலையைக் குவித்தது. மருத்துவமனையும் ஐந்து பார்வை மையங்களும் இணைந்தன. சில இணைப்புகள் பத்துக் கிலோமீட்டருக்கும் மேற்பட்டவை.

அலை போய்ச் சேர்ந்தது. ஆனால் வேகம் கிடைக்கவில்லை. ஏன்? அருகலையில் ஒவ்வொரு சிறு செய்திக்கும் 'கிடைத்தது' என்று மறுமொழி வரவேண்டும். வராவிட்டால் தொலைந்துவிட்டதாக எண்ணி மீண்டும் அனுப்பும். அலை ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். வீட்டுக்குள் போய்வர ஒரு மைக்ரோ நொடியும் ஆகாது. பத்துக் கிலோமீட்டர் போய்வர ஏறக்குறைய 67 மைக்ரோ நொடி ஆகும். மறுமொழி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இங்கே பொறுமை இழந்த கருவி அதே செய்தியை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். அதோடு, எதிர்முனை பேசத் தொடங்கியது காதில் விழுவதற்கே நேரம் ஆவதால், கேட்டுவிட்டுப் பேசும் தேநீர்க் கடை ஒழுங்கும் குலைந்தது.

குழுவினர் அந்த ஒழுங்கையே மாற்றினர். இரு முனைகளுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்தனர்: இந்தக் கணம் நீ பேசு, அடுத்த கணம் நான். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது நினைவிருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டாலும் தாத்தா பாட்டிக்கு இருக்கும். கிராணி பெயரைச் சொல்வார். அவர் மட்டும் குரல் கொடுப்பார். யாரும் முந்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனி மறுமொழி கேட்பதை நிறுத்தி, பல செய்திகளுக்குச் சேர்த்து ஒரே மறுமொழி கேட்டனர். 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்ந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் மலை உச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு அருகலை இணைப்பை ஏற்படுத்திக் காட்டினார்.

தேனியில் அந்தக் குழுவை அதிகம் தொல்லைப்படுத்தியது அலைகூட அன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரென ஏறி இறங்கியதால் கருவிகள் கெட்டன. இடியும் மின்னலும் மிகுந்த நம் நாட்டில், தாழ்வாரத்தில் மாட்டும் கருவிக்கு மின்னெழுச்சித் தடுப்பான் வாங்குவது வீண்செலவாகாது.

தோட்டங்களிலும் இந்த முறை பயன்படும். அலுவலகத்துக்கு நல்ல இணைப்பு இருக்கிறது. லயன் வீடுகள் ஒரு கிலோமீட்டர் தள்ளி, செம்பனைக்கு அப்பால் உள்ளன என்று கொள்வோம். இரு பக்கமும் கம்பம் நட்டு, திசை அலைவாங்கி மாட்டி, அமைப்புப் பக்கத்தில் 'தூரம்' என்ற வரியில் 1 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் குறித்தால் இணைப்பு வரும். ஆனால், கம்பம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

எதிர்க்கம்பம் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. அலை நூல் போல மெலிந்து போவதில்லை. வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்துப் போகும். 1 கிலோமீட்டர் இணைப்பில் நடுப்பகுதியின் ஆரம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 5.6 மீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் 3.6 மீட்டர். இந்த ஆரத்தில் பத்தில் ஆறு பங்காவது மட்டையில் உரசாமல் இருக்க வேண்டும். 5.8-ஐ எடுத்துக்கொண்டால் மரத்தின் உச்சிக்கு மேல் 2.2 மீட்டர். மரம் இன்று 8 மீட்டர் உயரம் என்றால் கம்பம் 10.2 மீட்டர்.

ஆனால் செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் வளரும். இன்று சரியாக ஓடும் இணைப்பு மூன்றாம் ஆண்டு மங்கும். எல்லாரும் கருவியைத்தான் குறை சொல்வார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு 2.5 மீட்டர் சேர்த்தால் கம்பம் 12.7 மீட்டர், அதாவது 13 மீட்டர். செம்பனையைப் பொதுவாக இருபத்தைந்து ஆண்டுகள் வாக்கில் வெட்டி மறுநடவு செய்வார்கள். தோட்டத்து நிலப்பகுதிகளின் முனையில் நடவு ஆண்டு எழுதிய பலகை நிற்கும். அந்த ஆண்டு இருபதைத் தாண்டியிருந்தால், மரங்கள் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யலாம்.